வெள்ளைக் கப், பழுப்புக் கப்

உள்ளே பூரணம் வைத்த எதையும் விற்பது, வாங்குகிறவர் பார்க்க முடியாத ஒன்றை விற்பதுதான். கொழுக்கட்டை, சோமாஸ், போளி எல்லாம் இந்த வகை. நான் செய்வது சாக்லேட் பூரணம் வைத்த சாக்லேட் மஃபின். திருவண்ணாமலையில், குபேர லிங்கத்துக்குப் பக்கத்துத் தெருவில், வீட்டுச் சமையலறையில் ஓர் ஓவனை வைத்துக்கொண்டு மூன்று வருடமாகச் செய்துவருகிறேன். வீட்டில் எதையாவது சுட்டு விற்கிற உங்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே நடந்திருக்கும். மீதி நடக்காமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வேகவில்லை

முதல் விற்பனை எதிர்வீட்டு டீச்சருக்கு. ஆறு வாங்கிப் போனார். அரை மணி நேரத்தில் நான்கு திரும்பி வந்தன. ஒன்றை என் கண் முன்னால் பிட்டுக் காட்டினார். நடுவிலிருந்து சாக்லேட் மெதுவாக வழிந்தது. பேக்கரியில் செய்வதுபோலவே வந்துவிட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. அவரோ பச்சை மாவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோமோ என்று பயந்துபோயிருந்தார்.

அது மாவு இல்லை, பூரணம் என்றேன். நடுவில் குச்சியை விட்டால் எப்போதும் ஒட்டும். ஓரத்தில் சாய்வாக விட்டுப் பார்த்தால்தான் வெந்திருப்பது தெரியும் என்று குச்சியோடு விளக்கினேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். பிறகு டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வெந்ததும் இப்படித்தான் இருக்கும், வேகாததும் இப்படித்தான் இருக்கும்னா, நாங்க எதைப் பாத்துத் தெரிஞ்சிக்கறதுங்க?"

அடிக்குப் போன பூரணம்

செங்கம் ரோட்டில் வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் தங்கும் விடுதி ஒன்று இருக்கிறது. அதன் சமையலறையைப் பார்த்துக்கொள்பவர் பாஷா பாய். காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு டஜன் மஃபின் கொண்டுவரச் சொன்னார். பெரிய ஆர்டர் என்று உருக்கிய சாக்லேட்டைத் தாராளமாக ஊற்றினேன். சூடான சாக்லேட் மாவைத் துளைத்துக்கொண்டு நேராக அடிக்குப் போய், பேப்பர் கப்போடு ஒட்டிக்கொண்டது. கப்பை உரித்தால் பூரணம் முழுவதும் காகிதத்தோடு வந்துவிட்டது.

இப்போது அப்படிச் செய்வதில்லை. சாக்லேட்டையும் க்ரீமையும் கலந்து, ஸ்பூன் ஸ்பூனாகத் தட்டில் வைத்து ஃப்ரீசரில் கல்லாக்கிவிடுகிறேன். கப்பில் பாதி மாவு, மேலே அந்த உருண்டை, அதை மூடி விளிம்புவரை மீதி மாவு. முதல் எட்டு நிமிடம் ஓவன் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும்; அப்போதுதான் தலை எழும்பும். பிறகு சூட்டைக் குறைத்தால் உள்ளே நிதானமாக வேகும். இவ்வளவையும் நான் கற்றுக்கொண்டது அன்று பாஷா பாய் ஒரு வெற்றுக் கப்பைத் தூக்கிப் பிடித்துக் கேட்ட கேள்வியால்: "அக்கா, சாக்லேட்டு கப்புக்கு, கேக்கு மட்டும் கஸ்டமருக்கா?"

மல்லாட்டை

கீழ்பென்னாத்தூரிலிருந்து என் அண்ணி வரும்போதெல்லாம் ஒரு பை மல்லாட்டை கொண்டுவருவார். நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். வறுத்து அரைத்து, வெல்லம் சேர்த்து, சாக்லேட்டுக்குப் பதிலாக அதைப் பூரணமாக வைத்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. அண்ணி இரண்டு சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்: "உள்ள இருக்கறது நம்ம கொல்லையில வெளஞ்சது, நல்லாருக்கு. அதைச் சுத்தி எதுக்கு இவ்ளோ கறுப்பா ஒண்ணு?"

கோமதியின் கேள்வி

கோமதி வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை செய்கிறவர். சொந்தம் எல்லாம் விவசாயக் குடும்பம். கறி, முட்டை எல்லாம் சாப்பிட்டு வளர்ந்தவர். மகன் உடம்பு சரியில்லாமல் நெடுநாள் படுத்திருந்தபோது, அவன் எழுந்து நடந்தால் இனி அவற்றைத் தொடுவதில்லை என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டார். மகன் எழுந்து நடந்தான். ஏழு வருடமாக அவரும் வாக்கைக் காப்பாற்றி வருகிறார். மாதாமாதம் பௌர்ணமிக்கு ஆபீஸ் தோழிகள் இரண்டு பேரோடு கிரிவலம் வருவார். பாதி வழியில், அடி அண்ணாமலையில், ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என் மஃபினைச் சாப்பிடுவார்கள்.

கோமதிக்காகத்தான் முட்டை இல்லாத மஃபின் செய்ய ஆரம்பித்தேன். முட்டைக்குப் பதில் தயிர். முட்டை போட்டதற்குப் பழுப்புக் கப், போடாததற்கு வெள்ளைக் கப் என்று பிரித்துக்கொண்டேன். அதைச் சொல்லியும் டப்பாவை வாங்கும் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "முட்டை இல்லையே அக்கா?" ஒன்பதாவது முறையோ பத்தாவது முறையோ எனக்குச் சுருக்கென்றது. என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நம்பாம கேக்கலக்கா. கேட்டுட்டேன்னா, அதுக்கப்புறம் அது உங்க பொறுப்பு. நான் நிம்மதியா சாப்பிடுவேன்."

மரக்கரண்டி

சிறுவர் இதழ் ஒன்றில் பல வருடம் கைவேலைப் பக்கம் எழுதியிருக்கிறேன். காகிதப் படகுக்குக்கூட 'படம் ஒன்று, படம் இரண்டு' என்று எண் போடாமல் விட்டதில்லை. என் சமையலறையில் இருந்த இரண்டு மாவுக் கிண்ணங்களுக்கு மட்டும் எண் போடவில்லை. கோகோ கலந்தபின் முட்டை மாவும் தயிர் மாவும் ஒரே நிறம். இரண்டையும் ஒரே மாதிரி தட்டால் மூடி, முட்டைக் கிண்ணத்தின் தட்டின்மேல் மரக்கரண்டியைக் குறுக்காக வைப்பேன். அதுதான் அடையாளம்.

ஒரு பௌர்ணமிக்கு முந்தின மதியம், ஓவன் சூடேறும் நேரத்தில் கரண்ட் போனது. வரும்வரை காபி போடலாம் என்று கிண்ணங்களை மேடையின் ஓரத்துக்கு நகர்த்தினேன். இடைஞ்சலாக இருந்த கரண்டியை எடுத்துக் கீழே வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் கரண்டியைத் திரும்பவும் ஒரு தட்டின்மேல் வைத்தேன். எந்தத் தட்டு என்று யோசித்த ஞாபகம் இல்லை.

வெந்தபின் பார்த்தால் வெள்ளைக் கப்பில் இருந்தவை அழகாக எழும்பியிருந்தன. தயிர் மாவில் அப்படித் தலை எழும்பியதே இல்லை. நல்ல தயிர் என்று மெச்சிக்கொண்டேன். பழுப்புக் கப்பில் இருந்தவை தட்டையாக இருந்தன. கரண்ட் போனதன்மேல் பழியைப் போட்டேன். சாயங்காலம் விடுதிக்குப் பழுப்புக் கப் போனது. ஆபீஸ் முடிந்து வந்த கோமதி வழக்கமான கேள்வியைக் கேட்டார். இல்லை என்று சொல்லி வெள்ளைக் கப் டப்பாவைக் கொடுத்தேன். மறுநாள் காலை ஆறேகாலுக்கு பாஷா பாயிடமிருந்து போன் வந்தது: "அக்கா, இன்னைக்கு தலையே தூக்கல. அது பரவால்ல, தயிர் வாசனை வருதே, புதுசா எதுனா செஞ்சீங்களா?"

எதிர்த்திசை

தயிர் விடுதிக்குப் போயிருக்கிறது என்றால் முட்டை யாரிடம் போயிருக்கிறது என்பதற்குக் கணக்குப் போட வேண்டியதில்லை. கோமதிக்குப் போன் செய்தேன். பௌர்ணமிக் கூட்டத்தில் லைன் கிடைக்கவில்லை. ஐந்து மணிக்கு ராஜகோபுரத்திலிருந்து கிளம்புகிறவர். ஏழு, ஏழேகாலுக்கு அந்த டீக்கடை பெஞ்சில் இருப்பார். வண்டிகள் எதையும் கிரிவலப் பாதையில் விடமாட்டார்கள். அங்கிருந்துதான் கூட்டம் எங்கள் பக்கம் வரும். எனவே நான் போக வேண்டிய மூன்று கிலோமீட்டரும் கூட்டத்துக்கு எதிரே.

எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட மலையை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று தெரியும். அத்தனை ஆயிரம் பேருக்கு எதிரே, அதுவும் செருப்புக் காலோடு நான் ஒருத்தி. ஓரமாகத்தான் போனேன். "வழி தவறிட்டீங்களாம்மா?" என்று சிலர் கேட்டார்கள். பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் என் கையிலும் ஒரு தொன்னையைத் திணித்தார். "கிரிவலம் இந்தப் பக்கங்க. செருப்பு வேற" என்று ஒரு பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். பாதி தூரத்தில் ஒரு நினைப்பு வந்தது. நான் சொல்லாவிட்டால் இது யாருக்கும் தெரியப்போவதில்லை. அவருக்கும் தெரியாது, வேண்டுதலும் அவர் அறிந்து உடையவில்லை. அந்த நினைப்பு வந்தபின் கால் மெதுவாகிவிட்டது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பெஞ்சில் கோமதி உட்கார்ந்திருந்தார். டப்பா திறந்திருந்தது. அவர் மடியில் ஒரு வெள்ளைக் கப், காலியாக. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அக்கா! நீங்களும் வந்துட்டீங்களா? இதுவரைக்கும் செஞ்சதுலயே இன்னைக்குத்தாங்க்கா சூப்பர். தலை எப்படி எழும்பி வந்திருக்கு பாருங்க" என்று தோழிகளிடமும் காட்டினார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். கரண்டியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் எழுந்துபோய்க் குழாயில் வாய் கொப்பளித்தார். ஒருமுறை, மறுமுறை, மறுபடியும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி நின்றார். நான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "சொன்னதும் சொன்னீங்க, நான் சுத்தி முடிச்சப்புறம் சொல்லியிருக்கக் கூடாதாக்கா? இன்னும் ஆறு கிலோமீட்டர் அண்ணாமலையார் மூஞ்சைப் பாத்துக்கிட்டே நடக்கணும்."

திரும்பும் வழி

என் வீட்டுக்குத் திரும்பவும் அதே வழிதான். இப்போது கூட்டத்தோடு. கோமதியும் தோழிகளும் முன்னால், நான் பத்தடி பின்னால். தாண்டிப் போகவும் தைரியமில்லை, நின்றுவிடவும் மனமில்லை. என் தெரு வந்ததும் நான் ஒதுங்கினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோழிகளில் ஒருத்தி மட்டும் சற்றுப் பின்தங்கி என்னிடம் சொன்னாள்: "நாங்க முட்டை சாப்பிடறவங்கதான். எங்களுக்கே இன்னைக்குத் தொண்டையில நிக்குது."

முட்டை இல்லாத வீடு

அன்று மதியமே வீட்டிலிருந்த முட்டைகளை எதிர்வீட்டு டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். இனி முட்டை மஃபின் கிடையாது என்று பாஷா பாயிடம் சொல்ல, ஆர்டர் போய்விடும் என்று பயந்துகொண்டே போனேன். அவர் சிரித்துவிட்டார். "அக்கா, இங்க வர்ற வெள்ளைக்காரங்கள்ல பாதிப்பேர் முட்டை தொடமாட்டாங்க. நான்தான் உங்களுக்கு எதுக்கு சிரமம்னு சொல்லல."

அடுத்த பௌர்ணமிக்குக் கோமதி வரவில்லை. போன் செய்யக் கை பலமுறை போனது. செய்து என்ன சொல்வது? அதற்கடுத்த பௌர்ணமிக்கு முந்தின சாயங்காலம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கோமதி சமையலறைவரை வந்தார். மேடையில் ஒரே ஒரு கிண்ணம் இருந்தது. அதைப் பார்த்தார். வெள்ளைக் கப்புகளைப் பார்த்தார். எப்போதும் கேட்கும் கேள்விக்காக நான் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. "மூணு போதுங்க்கா" என்றார்.

கேட்காமல் போனது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கேட்டிருந்தால் அது என் பொறுப்பு என்று ஆகியிருக்கும். இனி என் பேச்சே வேண்டாம் என்று நினைத்துவிட்டாரோ? டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒருவர். நாளை கிரிவலத்துக்குத் தானும் வருவதாகவும், தனக்கும் ஒரு மஃபின் வாங்கிவரும்படியும் சொல்கிறார் என்பது பேச்சிலிருந்து புரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து எந்தக் கேள்வி வந்தது என்பதும் புரிந்தது. கோமதி நான்காவது மஃபினைத் தானே எடுத்து டப்பாவில் வைத்துக்கொண்டே பதில் சொன்னார்: "முட்டையா? அதெல்லாம் இருந்தா அவங்களே எதிர்ல நடந்து வந்து சொல்லிடுவாங்க."

ஆகவே, பூரணம் வைத்த பண்டம் விற்கும் தோழர்களே, கிண்ணத்தின்மேல் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒட்ட மறக்கிறவர்கள் வெறுங்காலில் நடக்கப் பழகிக்கொள்ளுங்கள்.