தோட்டாவுக்குத் தேங்காய் எண்ணெய்

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று மீன் ஆய்வது, இன்னொன்று தோட்டா துடைப்பது. இரண்டையும் ஒரே முறத்தில் போட்டுச் செய்வேன் என்று என் வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சுத்தப் பொய். மீனுக்கு யாராவது முறம் எடுப்பார்களா? தோட்டாவுக்குத்தான் முறம். தரையில் வைத்தால் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். அப்புறம் யார் குனிந்து தேடுவது?

அவர் பட்டாளத்திலிருந்து திரும்பிய பிறகு ஒரு வேனில் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார். எண்ணூர், மணலிப் பக்கத்து ஆலைகளுக்குச் சம்பளப் பணம் கொண்டுபோகும் வேன். ஓட்டுநருக்குப் பக்கத்தில், துப்பாக்கியை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு உட்கார வேண்டும். துப்பாக்கியும் லைசென்சும் சொந்தமாக இருக்கிறவர்களுக்குத்தான் அந்த வேலை கிடைக்கும். அவருடையது இரட்டைக் குழல். இரண்டு விசை, முன்விசையை அழுத்தினால் வலது குழல் வெடிக்கும், பின்விசையை அழுத்தினால் இடது. ஆக, ஒரு நேரத்தில் உள்ளே இருப்பது இரண்டே தோட்டா. என் தாலி அந்த இரண்டில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

கடையில் விற்கும் தோட்டா அந்தக் காலத்தில் அட்டைக் கூட்டில் வரும். நாங்கள் இருந்தது திருவொற்றியூரில், கடலுக்கு மூன்று தெரு தள்ளி. உப்புக் காற்றில் அட்டை ஊதிப்போய்விடும். அவசரத்துக்குக் குழலில் இறங்காது. அதனால் கடைத் தோட்டாக்களைப் போலீஸ் சோதனைக்குக் காட்டுவதற்கென்று பெட்டியில் வைத்துவிட்டு, வேலைக்குப் பித்தளைத் தோட்டாக்களை எடுத்துப்போவார். அவற்றைக் கையால் நிரப்பிக் கொடுத்தவர் அவருடைய பட்டாளத்துக் கூட்டாளி, கொருக்குப்பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். சட்டப்படி இது சரியில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டால், "நீ மீன ஆயி மே" என்பார் என் வீட்டுக்காரர்.

ஒருமுறை வெடித்த பித்தளைக் கூடு கொஞ்சம் விரிந்துவிடும். கூட்டாளி அதை அச்சில் வைத்து இறுக்கித்தான் மறுபடி நிரப்புவார். அச்சில் சிக்காமல் இருக்கக் கிரீஸ் தடவுவார். வேலை முடிந்த பிறகு அந்தக் கிரீஸைத் துடைக்க அவருக்குப் பொறுமை கிடையாது. பிசுக்கோடு அப்படியே துணிப்பையில் போட்டுக் கொடுத்தனுப்புவார். மணல், பஞ்சு, பீடித்தூள் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். பிசுக்கோடு குழலில் போட்டால் கூடு குழலைப் பிடிக்காமல் பின்னால் உதைத்து, துப்பாக்கியின் பூட்டே கழன்றுவிடும் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஆகவே பழைய வேட்டித் துணியால் ஒவ்வொன்றாக, விளிம்புப் பள்ளத்தில் நகத்தால் துணியை அழுத்தித் துடைக்க வேண்டும். அது எப்படி என் வேலையானது என்று ஞாபகம் இல்லை. வீட்டில் துடைக்கிற வேலை எல்லாம் பெண்பிள்ளைக்குத்தானே.

துடைத்து வைத்தால் பளபளவென்று இருக்கும். நாலு நாளில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். எங்கள் பக்கத்தில் கடலோரக் குடித்தனக்காரி எவளும் உலோகச் சாமானை எண்ணெய் தடவாமல் உள்ளே வைக்க மாட்டாள். அரிவாள்மனை, தாழ்ப்பாள், தையல் மெஷின், சைக்கிள் செயின், எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். என் அம்மா பூட்டுக்குள்கூட இரண்டு சொட்டு விடுவார். களிம்பைப் பார்த்ததும் என் கை தானாக எண்ணெய்ப் புட்டிக்குப் போனது. கிரீஸைத் துடைத்துவிட்டு, பிசுக்காகாத அளவுக்கு விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பூசினேன். தோட்டாவின் பின்பக்கத்தில், நடுவே வட்டமாக ஒரு சின்ன மூடி இருக்கும். களிம்பு அதிகம் பிடிப்பது அங்கேதான். அங்கே இன்னும் ஒரு சொட்டு. ஒரு மாதம் இப்படிச் செய்தேன். களிம்பே பிடிக்கவில்லை. அவரிடம் சொல்லவில்லை, சொல்ல இதில் என்ன இருக்கிறது? என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த மாதம் காலம் சரியில்லை. மணலிப் பக்கம் இதே மாதிரி ஒரு வேனை மறித்து, காவலுக்குப் போன ஆளின் கையை வெட்டிவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. முதலில் விரல் என்றார்கள், அப்புறம் மணிக்கட்டு என்றார்கள், மறுநாள் தோள்பட்டை என்றார்கள். என் வீட்டுக்காரரின் பேச்சு குறைந்தது. சாப்பிடும்போது யாராவது கதவைத் தட்டினால் சோற்றுக் கையோடு எழுந்துவிடுவார். ஆலைகளில் ஆட்களை வேலையைவிட்டு நிறுத்திக்கொண்டிருந்த நேரம். வேனைப் பார்க்கிற கண்ணெல்லாம் வேறு மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

ஒரு சம்பள நாள். காலை பத்து மணி இருக்கும். அவர் கிளம்பிப் போய்விட்டிருந்தார். கூட்டாளி சைக்கிளில் வந்து, புதிதாக நிரப்பிய ஆறு தோட்டாக்களைப் பையோடு கொடுத்தார். முறத்தில் மிச்சமிருந்த பழையவற்றை நான் பெருமையாகக் காட்டினேன். ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னா தங்கச்சி, தேங்காண்ண வாசன வருது?"

"களிம்பு புட்சிக்குது அண்ணே. அதான் லேசா தடவி வெச்சேன்."

"மூடி மேலயுமா?"

"அங்கதான நெறைய களிம்பு."

அவர் முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு. எண்ண மெதுவா மூடிக்குள்ள எறங்கும் தங்கச்சி. உள்ள கீற மருந்து நமுத்துப் பூடும். அப்பால எத்தினி தபா அமுத்தினாலும் வெடிக்காது. நான் கிரீஸ் தடவுறப்போ அந்த மூடியே இருக்காது, அத்த அப்பறமாத்தான் மாட்டுவேன். இது செத்த தோட்டா."

"அப்போ இன்னிக்கி அவரு எத்த எத்துகினு போனாரு?"

கேட்டவள் நான். பதில் தெரிந்தவளும் நான்தான். மாதம் முழுக்கப் பூசி வைத்ததில் இரண்டை என் கையாலேயே எடுத்துக் கொடுத்திருந்தேன்.

புதுத் தோட்டாவோடு வேனைத் தேடிப் போகச் சொன்னேன் கூட்டாளியை. பட்டறையில் ஆள் காத்திருக்கிறது, எண்ணூர் சாலையில் போலீஸ் சோதனை வேறு, பையில் தோட்டாவோடு பிடித்தால் உள்ளே வைத்துவிடுவான் என்றார். நிரப்ப மட்டும் தைரியம் இருந்ததே! வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டிக்கொண்டே புதுத் தோட்டா இரண்டை எடுத்து வேட்டித் துணியால் துடைத்தேன். விளிம்பில் கிரீஸ் நிற்கிறது. வழித்தால் மறுபடி வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அன்றைக்குப் பார்த்து ஓடவில்லை. துடைத்ததைத் துணியில் சுற்றி டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்தேன். மேல்தட்டில் சோறும் குழம்பும் வைத்து மூடினேன்.

தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து அவருடைய ஆபீசுக்கு அடித்தேன். வேன் புறப்பட்டுவிட்டது, இந்நேரம் எண்ணூர் சாலையில் போய்க்கொண்டிருக்கும் என்றார்கள். பஸ் ஏறினேன். எர்ணாவூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன, பஸ் நகரவில்லை. ஒரு பக்கம் கடல் கற்களில் மோதிக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் லாரிகள். கரித்தூசி ஜன்னல் வழியாக வந்து மடியில் படிந்தது. பக்கத்து சீட்டுக்காரி, "இன்னாக்கா கொழம்பு, கம்முனு வாசன வருது?" என்றாள். நெத்திலி என்றேன். கேரியரை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். இவரைக் கொல்ல ஒருவன் வந்தால் அவன் கையில் கத்தி இருக்கும், இவர் கையில் நான் எண்ணெய் தடவிக் கொடுத்த பித்தளை இருக்கும். அதை நினைத்ததும் உட்கார முடியவில்லை. இறங்கி நடந்தேன். பிறகு ஓடினேன்.

கொஞ்ச தூரத்தில் வேன் தெரிந்தது. சாலை ஓரமாக ஒதுங்கி நின்றது. பின்கதவு திறந்திருந்தது. சுற்றிலும் ஆட்கள். கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

என் வீட்டுக்காரர் வேனின் முன் படியில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. துப்பாக்கி மடியில் குறுக்கே கிடந்தது. அவருக்கு எதிரே தரையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தூசிக்காக முகத்தில் கட்டியிருந்த துண்டு கழுத்துக்கு இறங்கியிருந்தது. பக்கத்தில் டயர் கழற்றும் இரும்பு லிவர். குடித்ததைவிடச் சட்டையில் சிந்தியதுதான் அதிகம்.

நடந்ததை வேன் ஓட்டுநர்தான் சொன்னார். நெரிசலில் நிற்கும்போது வேனின் பின்கதவு கொக்கி விட்டுத் திறந்துகொண்டிருக்கிறது. பின்னால் லாரியின் டயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இந்த மனிதர் அதைக் கவனித்து, சொல்லலாமென்று கையிலிருந்த லிவரோடு ஓடி வந்திருக்கிறார். முகத்தில் துண்டு, கையில் இரும்பு, வாயில் கூச்சல். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, துப்பாக்கியை அந்த ஆளின் நெஞ்சுக்கு நேராக வைத்து முன்விசையை அழுத்திவிட்டார். டிக்கென்று ஒரு சத்தம். வெடிக்கவில்லை. விரல் பின்விசைக்குப் போவதற்குள் அந்த ஆள் கத்துவது இவர் காதில் விழுந்திருக்கிறது.

"பின்கதவு தொறந்துகினு கீதுபா!"

நான் கொண்டுபோன கேரியரைத் திறக்கவே இல்லை. லாரி டிரைவர் என்னை யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "எனுக்கு மூணு பொண்ணும்மா" என்றார். அவர் தண்ணீர்ச் செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் களிம்பு, எண்ணெய், மூடி எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்றுதான் நினைத்தேன். அவர் எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"இனிமே ரெண்டுக்கும் தடவிடு மே."

"யோவ், உனுக்கு இன்னா பைத்தியமா? நெஜமாவே ஒருத்தன் கத்தியோட வந்தா இன்னா பண்ணுவ?"

இரண்டு நாள் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். முதலில் அழுத்துகிற வலது குழலுக்கு எண்ணெய் பூசிய தோட்டா. இடது குழலுக்கு நன்றாகத் துடைத்த தோட்டா. நடுவில் ஒரு மூச்சு நேரம் கிடைக்கும். வருகிறவன் யார், எதற்கு வருகிறான் என்று பார்க்க அது போதும். மாறிவிடக் கூடாதென்று எண்ணெய்த் தோட்டாவின் பின்பக்கம் நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்தேன். "ரெண்டாவத நானே தொடச்சிக்கறேன்" என்று அதை அவர் வாங்கிக்கொண்டார். எனக்கும் நிம்மதிதான். அந்த உலர்ந்த தோட்டாவைப் பார்த்தாலே, முகம் தெரியாத அந்த மூன்று பெண்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

எட்டு வருஷம் இப்படிப் போனது. ஞாயிறுதோறும் நான் ஒன்றுக்கு எண்ணெய் பூசுவேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து இன்னொன்றைத் துடைப்பார். ஒருமுறை கும்பலொன்று கல்லெறிந்து வேன் கண்ணாடியை உடைத்தது. நெற்றியில் நாலு தையலோடு வந்தார். "பின்விசைய தொடக்கூட இல்லியா?" என்று கேட்டேன். "தேவப்படல" என்றார். வேன் திரும்ப அரை மணி தாமதமானாலும் நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருப்பேன். அப்போதெல்லாம் எனக்கு ஒரே ஒரு தைரியம்தான்: இரண்டாவது இருக்கிறது.

கண்ணில் புரை விழுந்ததும் வேலையை விட்டார். துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிய நாள் காலையில், குழலை மடித்துத் திறந்து இரண்டு தோட்டாக்களையும் முறத்தில் போட்டார். பொட்டு வைக்காததை, எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, நான் கையில் எடுத்தேன். கடைசியாக ஒருமுறை துடைத்துவிடலாம் என்று துணியால் பிடித்தேன். வழுக்கியது. களிம்பு ஒரு புள்ளிகூட இல்லை. மூக்கருகே கொண்டுபோனேன். தேங்காய் எண்ணெய்.

"யோவ், இன்னாய்யா இது?"

அவர் என்னைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். "அன்னிக்கி அந்த லாரிக்காரரு மூஞ்ச துப்பாக்கிக்கு இந்தாண்ட நின்னு நீ பாக்கல மே."

"எப்பலேந்து இப்டி?"

"மொத நாள்லேந்து."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. முறத்தைத் தூக்கி அடித்தேன். இரண்டு தோட்டாக்களும் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயின. அவர்தான், கண் தெரியாமல், குனிந்து தடவித் தடவித் தேடினார். எட்டு வருஷம் அந்த மனுஷரை வெறும் இரும்போடு எண்ணூர் சாலைக்கு அனுப்பிவிட்டு, இரண்டாவது இருக்கிறது, இரண்டாவது இருக்கிறது என்று நான் அடுப்படியில் சாமி கும்பிட்டிருக்கிறேன்.