தேதி தவறிய கம்ப்யூட்டர்

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அண்ணன் கனடாவிலிருந்து வீடியோவில் பேசுவான். ஏழு மணிக்கே அப்பா சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கண் மங்கிவிட்டதால் போனில் மகன் முகம் தெரியாது. பெரிய திரை வேண்டும்.

அவரோடு போடியில் இருப்பவள் நான். சிலமலைப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, சமைத்து, அவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன். எனக்காக அவர் ஒருநாளும் சட்டை மாற்றியதில்லை.

அன்று கரண்டு போய் வந்தது. கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டேன். வைஃபை இணைந்திருந்தது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. அதே வைஃபையில் என் போனில் நெட் நன்றாக வந்தது. அப்படியென்றால் கோளாறு கம்ப்யூட்டரில்தான். வைஃபையைத் துண்டித்து மறுபடி சேர்த்தேன், பயனில்லை. அப்போதுதான் திரையின் மூலையைக் கவனித்தேன். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. தேதி தவறினால் பாதுகாப்புக் கருதி எந்த இணையதளமும் உள்ளே விடாது. சரிசெய்ய ஒரு நிமிடம் போதும்.

நான் சரிசெய்யவில்லை. கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று எழுந்துபோய் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.

"என்ன ஆத்தா, வந்துருச்சா?"

"பாத்துக்கிட்டு இருக்கேம்ப்பா."

மூன்றாவது தோசை ஊற்றும்போது அப்பா போனில் அண்ணனோடு பேசுவது கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டார். "மோடத்தை ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடச் சொல்றான். வெரசா வா."

மோடத்தை அணைத்துப் போட்டேன். அதன் விளக்குகள் எரிவதற்குள் தேதியையும் மாற்றிவிட்டேன். அண்ணன் முகம் திரையில் வந்தது.

"பாத்தியா, அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டே சரி பண்ணிட்டான்" என்றார் அப்பா.

வயிறு எரிந்தது. "தேதி மாறிக் கெடந்துச்சுப்பா. நான்தான் மாத்துனேன்" என்றேன். அவர் அண்ணனிடம் அங்கே பனி கொட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு மட்டும் அது காதில் விழுந்தது. "உள்ள இருக்க பேட்டரி செத்துருக்கும். மோடம்னு நான் சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன். நீதான்டி சரி பண்ணிருக்க" என்று சிரித்தான். பெருமையை அவனால் அவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்க முடிந்தது. அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

பேசி முடித்ததும் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும்ப்பா. வேணும்னேதான் விட்டுட்டேன்."

அவர் கோபப்படவில்லை. சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டே, "அவன் இளைச்சுட்டானோ?" என்று கேட்டார்.

"இல்லப்பா, நல்லாத்தான் இருக்கான்" என்றேன். மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடையில் புது பேட்டரி வாங்கிவந்து போட்டேன்.