சார்ஜ் நிற்கிற போன்

புது போன் வாங்கிய மூன்றாம் நாளே நாகவள்ளிக்கு அதன் மேல் கொலைவெறி வந்துவிட்டது. விடியும்போது சார்ஜ் நூறு காட்டும். வேலை பார்க்கிற வீட்டு மேடத்தின் பிள்ளைகளைக் கிளப்பிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, பாத்திரம் கழுவி, மதியச் சோற்றுக்கு அரிசி களைவதற்குள் பத்து, பன்னிரண்டு என்று இறங்கி நிற்கும். அப்புறம் ஒரேயடியாகக் கண்ணை மூடிவிடும். எழவெடுத்த போன், இதற்கா ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொட்டினேன் என்று அடுப்படியில் தனியாக நின்று திட்டுவாள்.

வேலைக்காரியின் போன் செத்தால் ஊரா முழுகிப்போகும் என்று கேட்கலாம். அவள் வரைக்கும் முழுகித்தான் போகும். அந்த போனில்தான் ஒருநாள் அவள் மகள் பிருந்தா கூப்பிடப் போகிறாள். எந்த நாள், எந்த நேரம் என்று தெரியாது. கூப்பிடும்போது நாகவள்ளி எடுத்தே ஆக வேண்டும்.

நாகவள்ளிக்கு ஊர் மானாமதுரை. புருஷன் செங்கல் லாரி ஓட்டியவன்; கண்மாய்க் கரையில் லாரியோடு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். பிருந்தா அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளை விடுதியில் விட்டுவிட்டு நாகவள்ளி குவைத்துக்கு விமானம் ஏறினாள். ஃபஹாஹீலில் ஒரு பெரிய வீடு. மேடம், முதலாளி, நான்கு பிள்ளைகள், நாள் தவறாமல் விருந்தாளிகள். வேலைக்கு அஞ்சுகிற பிறவி இல்லை அவள். முடிந்தது, இல்லை, சீக்கிரம் என்பதற்குக் கலாஸ், மாஃபி, யல்லா என்ற மூன்று அரபு வார்த்தைகளை வைத்துக்கொண்டே முதல் வருஷத்தை ஓட்டியவள். மேடம் கெட்டவள் என்றும் சொல்லிவிட முடியாது. சம்பளம் தேதி தவறியதில்லை, வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் வெளியே விடுவாள். ஒரே கறார், சார்ஜர் மட்டும் அடுப்படிக்குள் வரக்கூடாது. எப்போதோ ஒரு சுவிட்ச் போர்டு எரிந்த பயம். மொட்டைமாடியில் அவள் படுக்கிற அறையில் ராத்திரி போட்டுக்கொள்வதுதான், பகலில் மேலே ஏறிப் போக வழியில்லை.

பிருந்தாவின் கல்யாணத்தை நாகவள்ளியேதான் முன்னின்று முடித்தாள். மாப்பிள்ளை விஜயபாஸ்கர் யாரோ இல்லை, அவள் தம்பி ஐயப்பனின் மனைவி ராதிகாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. தெரிந்த இடம், சொந்தத்துக்குள் சொந்தம், தான் கடல் தாண்டி இருந்தாலும் பெண்ணைக் கண்கலங்காமல் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பினாள். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறாள். குடித்துவிட்டு அடித்தாலாவது குடியைத் திட்டித் தீர்க்கலாம். விஜயபாஸ்கர் குடிப்பதில்லை. நிதானமாக, கதவைச் சாத்திவிட்டு அடிப்பான். குழம்பில் உப்பு கூடினால் அடி, வாசலில் நின்றால் அடி, அம்மாவிடம் என்ன பேசினாய் என்று கேட்டு அடி. மறுநாள் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டு கடைக்குப் போவான்.

வந்துவிடு, வந்துவிடு என்று நாகவள்ளி ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிருந்தா மழுப்புவாள், அழுவாள், அவர் திருந்திடுவாரும்மா என்பாள். சித்திரையில் ஒருநாள் குரல் மாறியிருந்தது.

"எனக்குத் தைரியம் வர்ற அன்னைக்கு வெளிய வந்து நானே உன்னயக் கூப்பிடுறேன். அது வரைக்கும் நீயா கூப்பிடாதம்மா. அவரு பக்கத்துல இருந்தா வம்பு."

அதற்காக ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஐயப்பன் மதுரையில் டாக்சி ஓட்டுகிறான். அக்கா மகள் படும் பாடு அவனுக்கும் தெரியும், மனசும் பதறத்தான் செய்தது. ஆனால் அவன் நிலைமையை என்னத்தைச் சொல்ல, அடிக்கிறவன் அவன் பெண்டாட்டியின் தம்பி. "அக்கா, நீ ஒரு வார்த்தை சொன்னா அந்த நிமிஷமே வண்டிய எடுத்துருவேன். அக்கா சொல்லிப் போனேன்னா என் வீட்ல வாயைத் தொறக்க முடியாது. நானா போனேன்னு இருந்தா என் வீட்ல உலை கொதிக்காது," என்றான். ராதிகா அவன் போனைத் தினம் நோண்டிப் பார்ப்பாள் என்பதால் பிருந்தா அவனை நேராகக் கூப்பிடவும் கூடாது. பிருந்தா மானாமதுரை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அம்மாவைக் கூப்பிடுவாள், அம்மா தம்பிக்குச் சொல்வாள், தம்பி வந்து ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பூரில் விடுவான். அங்கே நாகவள்ளி ஒரு அறை பேசி வைத்திருந்தாள். பிருந்தாவின் போனில் வெளிநாட்டுக்குச் சாதாரணமாகக் கூப்பிடக் காசு இருக்காது. நெட்டில் வருகிற கால்தான். நடுவில் இருக்கிற நாகவள்ளி எடுத்துவிட்டால் போதும், எல்லாம் நடந்துவிடும்.

இப்படி ஒரு நேரத்தில் பழைய போன் கையை விரித்தது, புதுசு வாங்கினாள், அதுவும் உச்சி வெயில் வருமுன் படுத்துக்கொண்டது. வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தாள். பாட்டுக் கேட்பதை நிறுத்தினாள். தொடாமலே வைத்துப் பார்த்தாள். எதற்கும் மசியவில்லை. சாயங்காலங்களில் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம், இந்நேரம் அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாளோ என்று, செத்துக் கிடக்கிற போனை ஈரக்கையோடு அமுக்கிப் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை ஆனதும் போனைத் தூக்கிக்கொண்டு, வாங்கின கடைக்கே போனாள். கடை காதர் மைதீனுடையது. கீழக்கரைக்காரர், ஃபஹாஹீல் சந்தைத் தெருவில் ஒரு ஆள் அகலத்துக்குக் கடை. வெள்ளிக்கிழமை என்றால் கம்பெனி கேம்ப்களில் தங்கி வேலை பார்க்கிற ஆட்கள் எல்லாரும் வெளியே வருவார்கள், கடையில் மூச்சுவிட இடம் இருக்காது. அந்த நெரிசலிலும் அவர் போனை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார். மேடத்தின் பிள்ளைகள் கைக்குக் கிடைத்தபோதெல்லாம் ஏற்றி வைத்த கார் பந்தயம், பேசுகிற பூனை, பலூன் உடைக்கிறது என்று ஒரு திருவிழாவே உள்ளே நடந்துகொண்டிருந்தது. பேட்டரியில் பழுது ஒன்றுமில்லை, ஏறி உட்கார்ந்திருக்கிறவர்கள்தான் குடிக்கிறார்கள் என்று சொல்லி ஒவ்வொன்றாகத் தூக்கினார். போன் எங்கே இருக்கிறது என்று எந்நேரமும் தேடிக்கொண்டிருந்த லொகேஷனை நிறுத்தினார். கடைசியாக ஒன்று கேட்டார்.

"போன் சும்மா கெடக்குற நேரத்துல உள்ள இருக்குற ஆப்பயெல்லாம் தூங்க வச்சிர்றேன். நீங்க தொறந்தா முழிச்சுக்கும். எத மட்டும் தூங்க வேணாம்னு சொல்லுங்க, விட்டுர்றேன்."

நாகவள்ளிக்குப் பின்னால் ஒருவன் உடைந்த போனை நீட்டியபடி, ஜல்தி பாய், ஜல்தி என்று முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தான். உள்ளே என்னென்ன இருக்கிறது, எதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாது. புருஷனிடம் அடி வாங்குகிற மகள் கூப்பிடுவாள், அதை மட்டும் விடுங்கள் என்று இத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கியது.

"ஒண்ணும் வேணாம் பாய். சார்ஜ் நின்னாப் போதும்," என்றாள்.

ஆனாலும் அவள் ஒன்றும் ஏமாளி இல்லை. எதற்கும் ஒரு தடவை என் நம்பருக்கு அடித்துப் பாருங்கள் என்று கேட்டாள். அவர் கடை போனிலிருந்து அடித்தார். இவள் போன் தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறியது. நாகவள்ளி திருப்தியோடு பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். கடை போனிலிருந்து வந்தது சிம்மில் வருகிற கால். நெட்டில் வருவது வேறு வழி, அதுவும் மற்றவற்றோடு தூங்கப் போய்விட்டது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

சும்மா சொல்லக்கூடாது, மறுநாளிலிருந்து போன் ராஜநடை போட்டது. சனிக்கிழமை ராத்திரி எண்பது காட்டியது. ஒருநாள் சார்ஜே போடாமல் விட்டுப் பார்த்தாள், மறுநாளும் மூச்சு இருந்தது. பிருந்தாவிடமிருந்து சத்தமில்லை என்பதை அவள் கெட்டதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடி கொஞ்சம் குறைந்திருக்கும், அதுதான் பிள்ளை சும்மா இருக்கிறது என்று நினைத்தாள். அந்தப் பாவி மனசு அப்படி நினைக்கவும் ஒரு காரணம் இருந்தது. போன்தான் சாகாமல் இருக்கிறதே, கூப்பிட்டிருந்தால் அலறியிருக்கும் என்ற தைரியத்தில் அந்த வாரந்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

புதன்கிழமை வீட்டில் விருந்து. முழு ஆடு, பெரிய தேக்சா, காலையிலிருந்து கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மதியம் சோறு இறக்கிய பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியில் இருந்த போனை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். ஓரத்தில் எழுபத்தொன்று என்றிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. நல்லது என்று திருப்பி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கடற்கரைப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தம்பிக்கு இரண்டு வார்த்தை பேசி அனுப்பலாம் என்று, நெட்டில் கால் வருகிற அந்த ஆப்பைத் திறந்தாள். திறந்ததுதான் தாமதம், கையில் போன் துடிக்க ஆரம்பித்தது. பிருந்தா, பிருந்தா, பிருந்தா என்று வரிசையாக வந்து விழுந்தது. எடுக்காமல் போன கால்கள். அடியில் குரல் பதிவுகள். எல்லாம் புதன்கிழமையுடையவை. கடைக்காரர் தூங்க வைத்ததில் இதுவும் ஒன்று என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

முதலாவதை அமுக்கினாள். பின்னால் பஸ்காரன் மதுரை மதுரை என்று கூவுகிற சத்தம். "அம்மா, வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். மாமாவுக்குச் சொல்லிரு." குரலில் ஒரு துள்ளல் கூட இருந்தது. அடுத்ததில் அது இல்லை. வேலையாக இருக்கிறாயா, எடும்மா என்று கேட்டாள். அதற்கடுத்ததில், மாமாவை நானே கூப்பிடட்டுமா, வேண்டாம், அத்தை பார்த்தால் மாமாவுக்குச் சங்கடம் என்று தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டாள். இருட்டுகிறது, டீக்கடைக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார் என்றாள். கடைசிப் பதிவில் மெதுவாகப் பேசினாள்.

"அம்மா, அவரு வந்துட்டாரு. அங்கிட்டு தேடிட்டு இருக்காரு. எடும்மா."

நாகவள்ளியின் கையிலிருந்து போன் மணலில் விழுந்தது. எடுத்துத் துடைத்து ஐயப்பனுக்கு அடித்தாள். அவன் எடுத்ததும், அன்றைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே அக்கா என்றுதான் ஆரம்பித்தான். புதன்கிழமை அவன் சவாரியே இல்லாமல் மதுரையில் டாக்சி ஸ்டாண்டில் சீட்டு விளையாடிக்கொண்டு இருந்திருக்கிறான். மறுநாள்தான் ராதிகா சொல்லித் தெரிந்தது. விஜயபாஸ்கர் பிருந்தாவைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கிறான், வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கிறான். போனை அம்மிக்கல்லில் வைத்து நசுக்கிவிட்டான். இடது கையில் இப்போது மாவுக்கட்டு. கழுவுகிற இடத்தில் வழுக்கி விழுந்தாள் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார்கள். உனக்கு அவள் கூப்பிட்டதே தெரியாது என்று எனக்குத் தெரியாதே அக்கா, நீயே மனசு மாறி விட்டுவிட்டாய் என்றல்லவா நினைத்தேன் என்று அவன் அழுதான்.

"இப்பச் சொல்றேன்டா. இப்பப் போ. உன் வீட்ல உலை கொதிச்சாலும் சரி, கொதிக்காட்டியும் சரி, போயி அவளக் கூட்டிட்டு வா," என்றாள் நாகவள்ளி.

அவன் போனான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்த நிமிஷமே வண்டியை எடுத்து, ஒரு மணி நேரத்தில் மானாமதுரையில் இருந்தான். நாகவள்ளி பெஞ்சை விட்டு எழவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சம் அணைய அணைய விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். சார்ஜ் இறங்கியது. இறங்கட்டும் என்று விட்டாள். மேடம் வரச் சொன்ன நேரம் தாண்டியும் உட்கார்ந்திருந்தாள்.

ஐயப்பன் வண்டிக்குள்ளிருந்து கூப்பிட்டான். வண்டியில் அவன் மட்டுமே இருந்தான்.

விஜயபாஸ்கர் கடையில் இருந்தானாம், வீட்டில் பிருந்தா தனியாகத்தான் இருந்தாளாம். இவனைப் பார்த்ததும் வாங்க மாமா என்று சொல்லி, ஒற்றைக் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டாளாம். அம்மாவின் போன் எப்படித் தூங்கிப்போனது என்று அக்கா சொன்ன எல்லாவற்றையும் இவன் விளக்கிச் சொல்லியிருக்கிறான். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாளாம். கிளம்பு தாயி, துணிமணி கூட வேண்டாம், அப்படியே வந்து ஏறு என்று கெஞ்சியிருக்கிறான்.

"என்னடா சொன்னா?"

"புரியுது மாமா, அம்மா மேல தப்பு இல்லன்னா. ஆனா இன்னொரு தடவ அந்த வீட்டு வாசப்படியத் தாண்டி நிக்கிறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல, இருந்த தெம்ப அன்னைக்கே செலவழிச்சுட்டேன்னா. எவ்வளவோ சொன்னேன்க்கா. அவரு சாப்பிட வர்ற நேரம், நீங்க கெளம்புங்கன்னு கதவச் சாத்திட்டா."

அவனே மறுபடியும் சொன்னான்.

"அம்மாகிட்ட எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லன்னு சொல்லச் சொன்னாக்கா. ரெண்டு தடவ சொன்னா."

"கோவப்பட்டிருந்தா வந்திருப்பாடா," என்றாள் நாகவள்ளி. லைனைத் துண்டிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, மானாமதுரைத் தெருவில் வண்டிகள் போகிற சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.