கஞ்சன் போட்ட ஓட்டை

என் அத்தை பஸ் கண்டக்டர். வளைந்தது, நசுங்கியது, கருகியது என்று எவரும் வாங்காத நாணயத்தை யார் நீட்டினாலும் வாங்கிக்கொண்டு, டிக்கெட் பையில் தன் கைக்காசைப் போட்டுவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஜாதகம் சொல்ல ஆரம்பிப்பாள். கறுத்துப்போனது கொசுவத்திச் சுருளைத் தாங்கி நின்றதாம். பல் பதிந்தது நாய்க்குட்டி வாயில் கிடந்து வந்ததாம். நான் வாயைப் பிளந்து கேட்பேன். எலக்ட்ரீஷியன் மாமாவுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"நேர்ல பாத்த மாதிரியே அளக்குறா. ஒண்ணையாவது நிரூபிச்சிருக்காளா?"

அத்தைக்குச் சுருக்கென்று தைக்கும். நிரூபித்ததில்லை என்பதும் உண்மைதான்.

வீடு மாறும் நாள் வந்தது. புது வீடு சின்னது. மாமா தீர்ப்பே எழுதிவிட்டார்: ஒரே ஒரு கதையாவது நிஜமென்று காட்டவேண்டும், இல்லையென்றால் நாணய டப்பா பழைய இரும்புக் கடைக்கு. அத்தை டப்பாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இதைப் பாருங்க" என்று ஒரு நாணயத்தை எடுத்தாள். "ஓட்டை நடுவுல இல்ல, ஓரமாப் போயிருக்கு. இறுக்கிப் பிடிக்க ஒண்ணும் இல்லாம கால்ல மிதிச்சுக்கிட்டு ட்ரில் போட்டிருக்கான். சுத்தி நட்டு தேச்ச கீறல். வாஷர் வாங்க மனசில்லாத கஞ்சன் வேலை."

"ஆமா, நீ பக்கத்துல நின்னு பாத்த" என்றபடி மாமா ஏணியில் ஏறி ஹால் ஃபேனைக் கழற்றத் தொடங்கினார். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். நட்டு கழன்றதும் கூடவே ஏதோ தரையில் விழுந்து, உருண்டுபோய் அத்தை காலடியில் சாய்ந்தது.

நாணயம். ஓரமாக ஓட்டை. சுற்றிலும் அதே கீறல்.

அத்தை இரண்டையும் உள்ளங்கையில் வைத்து அண்ணாந்து பார்த்தாள். மாமா கீழே இறங்குவதாக இல்லை.

"என்னங்க, இந்த ஃபேனை மாட்டினது யாரு?"

"அன்னைக்கு வாஷர் தீந்துபோச்சு. நான் மறந்தே போயிட்டேன்."

"இன்னும் எத்தனை வீட்டுல தீந்துபோச்சு?"

"அவசரத்துக்கு நாலஞ்சு வீட்டுல போட்டிருப்பேன்."

"கால்ல மிதிச்சுத்தானே?"

மாமா மெல்லத் தலையாட்டினார். அத்தை சிரித்தாளே ஒரு சிரிப்பு, தெருமுனைவரை கேட்டிருக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

லாரியில் டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். ஒன்றில் அத்தை உட்கார்ந்தாள், மற்றதில் டப்பாவை வைத்தாள். மாமா பின்னால் ஏறி, சாமான்களுக்கு நடுவே ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.