பதினேழாவது தீர்மானம்

ஆறுமுகநயினார் தாலுகா போர்டுத் தேர்தலில் நின்றது ஒரு மடைக்காகத்தான். ஆத்தூருக்கு மேற்கே, தாமிரபரணியின் தென்கால் தண்ணீர் பாயும் தென்கால்புதூரில் அந்த மடை உடைந்து நாலு வருஷமாயிற்று. பழைய மெம்பர் ஒன்பது வருஷம் போர்டில் உட்கார்ந்திருந்தார். தும்மியதைத் தவிர அங்கே அவர் வாயிலிருந்து வேறு சத்தம் வந்ததில்லை என்பார்கள். 1930இல் நயினார் ஜெயித்தார். ஆறு மாதத்தில் மடை சரியாயிற்று. "அண்ணாச்சி போனா காரியம் நடக்கும்" என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு பிறந்தது. அந்தப் பேச்சை அவரும் நம்பினார்.

அதற்கு அடுத்த வருஷமே நெல் விலை விழுந்தது. உலகம் பூராவும் வியாபாரம் படுத்துவிட்டதாகப் பேப்பரில் எழுதினார்கள். தென்கால்புதூர்க்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அறுவடைக்கு வண்டி கட்டிக்கொண்டு வரும் வியாபாரிகள் வரவில்லை என்பதுதான். 1932 பங்குனியில் களத்தில் குவித்த நெல் குவித்தபடியே கிடந்தது. நிலத் தீர்வை மட்டும் ஒரு காசு குறையவில்லை. கட்டாதவர்களின் நெல்லைச் சர்க்கார் ஆட்கள் ஜப்தி செய்து, ஊர்க் கோயிலின் பின்மண்டபத்தில் அடைத்து, கதவுக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். ஏலத்துக்குக் கேட்க ஆள் இல்லாததால் நெல் உள்ளேயே இருந்தது.

நெல் போதாத வீடுகளில் கையில் அகப்பட்டதை எடுத்தார்கள். கீழத்தெருச் செல்லத்தாய் புருஷன் இல்லாதவள், இரண்டு பெண்பிள்ளைகள். அவளுடைய கறவை எருமையை அவிழ்த்துக்கொண்டு போனபோது அவள் நயினார் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழவில்லை.

"நீங்கதான அண்ணாச்சி எங்களுக்காகப் பேசுத ஆளு. போயிப் பேசுங்க" என்றாள்.

நயினார் மறுநாள் தூத்துக்குடிக்குப் போனார். வியாபாரிகள் ஏன் வரவில்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். கடலுக்குள் நீண்ட துறைமுகப் பாலத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் தேவதாசன் அவருக்குப் பழக்கம். கப்பல்கள் ஆழம் தேடி நாலைந்து மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சியிருந்தன. அங்கிருந்து தோணிகள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தன.

"எல்லாம் ரங்கூன் அரிசியா?"

"அரிசியேதான் அண்ணாச்சி. நேத்து ஒரு கப்பல், இன்னைக்கு ஒரு கப்பல். ஒங்க ஊர் நெல்லை அவிச்சுக் குத்தி வண்டி வாடகை குடுத்து இங்கன கொண்டு வார செலவுல, இது அரிசியாவே வந்துருது."

ஒரு மூட்டையின் கிழிசலிலிருந்து நயினார் ஒரு பிடி எடுத்தார். பாதி நொய். ஈரச் சாக்கின் நாற்றம். வாயில் போட்டுப் பார்த்துவிட்டுக் கடலைப் பார்த்துத் துப்பினார். மூட்டைகளின் மேல் எஸ்.எம். என்று முத்திரை இருந்தது. அது சொரிமுத்துவின் முத்திரை. சொரிமுத்து தூத்துக்குடியின் பெரிய அரிசி மண்டிக்காரர். அதே தாலுகா போர்டில் நயினாருக்கு நாலு நாற்காலி தள்ளி உட்காருகிறவர்.

ஆனி மாதக் கூட்டத்துக்கு நயினார் ஒரு தீர்மானம் எழுதி அனுப்பினார். தீர்வையைக் குறைக்கச் சர்க்காரைக் கேட்க வேண்டும். அடுத்த அறுவடை வரை ஜப்தியை நிறுத்த வேண்டும். கப்பல் அரிசிக்கு வரி போடச் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி நிரலில் அது பதினேழாவதாக அச்சாகி வந்தது. முதலாவது, மார்கழியில் துறைமுகத்தைப் பார்வையிட வரும் மாகாணப் பெரிய அதிகாரிக்கு வரவேற்புப் பத்திரம் அளிப்பது.

பத்திரத்தை வைத்துக் கொடுக்கும் பேழையைப் பற்றியே இரண்டு மணி நேரம் பேசினார்கள். சந்தனக்கட்டையா, வெள்ளியா? முத்துக்கரையிலிருந்து கொடுப்பது, ஆகவே முத்துப் பதிக்க வேண்டும் என்றார் ஒருவர். இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்து சில வருஷமாகிறதே என்றார் இன்னொருவர். அப்படியானால் பம்பாயிலிருந்து தருவிக்கலாம் என்று முடிவாயிற்று. முத்துக்குளிக்கிறவர்கள் வேலையில்லாமல் பாலத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்ததை நயினார் கூட்ட அறையின் ஜன்னல் வழியாகவே பார்க்க முடிந்தது.

போர்டு தலைவர் ஆராவமுதன், ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்து தூத்துக்குடியில் வக்கீல் தொழில் நடத்தியவர். குரலை உயர்த்தாமலே எவரையும் உட்காரவைத்துவிடுவார். பதினேழாவது வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரொம்ப முக்கியமான விஷயம். இதை அவசரமாப் பேசப்படாது. ஒரு சப் கமிட்டி போட்டு நேரே போய் விசாரிக்கலாம். நயினாரே தலைவரா இருக்கட்டும்."

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். நயினாருக்கு முகம் மலர்ந்தது. பின்னாளில் தன்னைப் பற்றி அவர் சொல்லக் கூசியது அந்த ஒரு நொடியைத்தான். மேஜைச் சத்தத்தில் தன் தீர்மானம் செத்துப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஆடியில் கமிட்டி தென்கால்புதூருக்கு மோட்டாரில் வந்தது. ஆராவமுதனும் சொரிமுத்துவும் நயினாரும்தான் கமிட்டி. ஊர்க் கணக்குப்பிள்ளை முந்தின நாளே வீடுவீடாகப் போய்க் கோழியும் நெய்யும் காய்கறியும் வாங்கியிருந்தார். "உங்களுக்காகத்தானவே அவுக வாராக" என்று சொல்லியே வாங்கினார். சத்திரத்தில் இரண்டு பந்தி. மரக்கறிக்குத் தனிச் சமையல். நயினார் இலையில் சோறு விழுந்ததும் அந்த ஈரச் சாக்கு நாற்றம் எழுந்தது.

"இது எந்த அரிசி?" என்று பரிமாறினவனைக் கேட்டார்.

"தூத்துக்குடியில இருந்து வந்த அரிசி. நம்ம நெல்லுதான் மண்டபத்துல பூட்டிக் கெடக்கே."

சொரிமுத்து சிரித்தார். "நல்லாத்தான் இருக்கு, சாப்பிடும்வே" என்றார். அவர் முழங்கை வரை நெய் வழிந்தது. வழிந்ததை நக்கிக்கொண்டார்.

வாசலில் செல்லத்தாய் இரண்டு பெண்களோடு நின்றாள். இன்னும் இருபது பேர் வெயிலில் நின்றார்கள். சாப்பாடு ஆனதும் வரச் சொல்லுங்கள் என்று ஆராவமுதன் பக்கத்துப் பந்தியிலிருந்து சொன்னார். சாப்பாடு ஆனதும் வெற்றிலை போட்டார்கள். வெற்றிலை போட்டதும் ஜமுக்காளத்தில் சாய்ந்தார்கள். சொரிமுத்துவின் குறட்டை வாசல் வரைக்கும் கேட்டது. நாலு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, வாசலில் நின்றவர்களைப் பார்த்துப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு மோட்டாரில் ஏறினார்கள்.

"விசாரணை?" என்றார் நயினார்.

"பார்த்தோமே. ஊர் பச்சைப்பசேல்னுதானே இருக்கு" என்றார் ஆராவமுதன்.

நயினார் வீட்டுக்குப் போனதும் கொல்லைப்புறத்தில் வாந்தி எடுத்தார். மனைவி அருணாசலவடிவு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தப் பிள்ளைக வெயில்ல நிக்கையில ஒங்களுக்கு எப்படி எறங்கிச்சு?" என்று மட்டும் கேட்டாள். எழுந்து வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. இரண்டாம் முறை மோர் கேட்டு வாங்கிக் குடித்ததும் அவருக்கு நினைவிருந்தது.

பத்து நாளில் போர்டு ஆபீசிலேயே அறிக்கை டைப் அடித்து வந்தது. குடியானவர்களின் கஷ்டத்துக்குக் காரணம் கல்யாணச் செலவும் சோம்பலும். ஜப்தியை நிறுத்தத் தேவை காணவில்லை. கீழே கமிட்டித் தலைவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. நயினார் அதை எடுத்துக்கொண்டு ஆராவமுதன் வீட்டுக்குப் போனார்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வாங்கோ, உட்காருங்கோ. உங்க ஊருக்கு ரோடு கேட்டிருந்தேளே. அடுத்த மாசமே போட்டுடலாம். ஊருக்கு ரோடு வேண்டாமா?"

"அந்த ரோட்டுல என்னத்தக் கொண்டு போவ? எருமையும் போச்சு, நெல்லும் போச்சு."

"நீங்க போடலைன்னா மெஜாரிட்டி போட்டாப் போறும் நயினார். வீண் பிடிவாதம்."

அப்படியே நடந்தது. இரண்டு கையெழுத்தில் அறிக்கை நிறைவேறிற்று. நயினார் எழுதிக் கொடுத்த மறுப்புக் குறிப்பு இணைப்பில் வரவில்லை. கேட்டபோது அச்சகத்தில் தவறிவிட்டது என்றார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பின்மண்டபத்துக் கூரை ஒழுகியது. முத்திரையை உடைக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. கார்த்திகை முடிவில், இனி ஏலம் போகாது என்று அதிகாரிகளே கதவைத் திறந்தபோது உள்ளே வெக்கை அடித்தது. நெல் முளைத்து, முளை அழுகி, கறுப்பாகக் கட்டிபிடித்திருந்தது. நடுவில் எலிகள் குட்டி போட்டிருந்தன. மாட்டுக்கு வைத்துப் பார்த்தார்கள். மாடு மூக்கைத் திருப்பிக்கொண்டது. ஆற்றில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். நெல்லைப் பறிகொடுத்தவர்களுக்குத் தீர்வை பாக்கி அப்படியேதான் நின்றது.

நயினார் அதில் ஒரு கட்டியைத் துண்டில் முடிந்து வைத்துக்கொண்டார்.

மார்கழியில் பெரிய அதிகாரி வந்தார். துறைமுகப் பாலத்தில் தோரணம், பாண்டு வாத்தியம். போர்டு மெம்பர்கள் வரிசையாக நின்றார்கள். பம்பாய் முத்துப் பதித்த பேழையைத் தலைவர் நீட்டினார். அதிகாரி வரிசையில் கை குலுக்கிக்கொண்டே வந்தார். நயினார் முறை வந்தபோது அவர் அந்தக் கறுப்புக் கட்டியை அதிகாரியின் வெள்ளைக் கையுறையில் வைத்தார்.

"சர்க்கார் பூட்டி வச்ச நெல்லு இது துரை. பசியில கெடக்கிற ஊர்ல அழுக வச்சது" என்றார் தமிழில்.

அதிகாரி கையைத் தள்ளிப் பிடித்து, ஆராவமுதனைப் பார்த்து என்னவோ கேட்டார். ஆராவமுதன் ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டு அதிகாரி தலையசைத்துச் சிரித்தார். ஒரு சேவகன் கட்டியை வாங்கிக் கடலில் எறிந்தான். பக்கத்தில் நின்ற தேவதாசன் மெல்லச் சொன்னார்: "நம்ம பக்கத்து எருவுக்கு மாதிரின்னு சொல்லிட்டாரு அண்ணாச்சி. இயற்கை எரு."

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில், மெம்பர் ஆறுமுகநயினார் விவசாய மாதிரி ஒன்றை அன்புடன் சமர்ப்பித்ததாகச் செய்தி வந்தது.

நயினார் அன்றைக்கே ராஜினாமா எழுதினார். அடுத்த வருஷம் சர்க்கார் தீர்வையில் கொஞ்சம் தள்ளுபடி அறிவித்தது. போர்டின் இடைவிடாத முயற்சியால் கிடைத்தது என்று தூத்துக்குடியில் ஆராவமுதனுக்கும் சொரிமுத்துவுக்கும் ஊர்வலம் வைத்தார்கள். நயினாரையும் மாலை வாங்க அழைத்தார்கள். அவர் அழைக்க வந்தவர்களிடம், "நானும் அந்தப் பந்தியில சாப்பிட்டவன். ஒரு தரம் சாப்பிட்டது போதும்" என்று சொல்லி அனுப்பினார். அதற்கடுத்த வருஷம் தாலுகா போர்டுகளையே கலைத்துவிட்டார்கள்.

செல்லத்தாய் அதற்குள் தூத்துக்குடி உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். நயினார் ஒருநாள் அவளைத் தேடிப் போனார். தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் வந்தாள். கால் விரல் இடுக்குகள் வெடித்திருந்தன. அவர் சொல்லவேண்டியதையெல்லாம் வழிநெடுக யோசித்துக்கொண்டு போயிருந்தார்.

"செல்லத்தாய், அன்னைக்கு நான் எந்திரிச்சு வந்திருக்கணும்" என்றார்.

அவள் கூடையை ஒரு கையால் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"வழியில நிக்கிய அண்ணாச்சி. பாரமா இருக்கு, தள்ளுங்க" என்றாள்.

அவர் வரப்பிலிருந்து இறங்கி, கணுக்கால் வரை உப்புத் தண்ணீரில் நின்று அவளுக்கு வழி விட்டார். அவளுக்குப் பின்னால் அவளுடைய மூத்த பெண் வந்தாள். அவளுக்கும் விட்டார்.

அதன்பிறகு பன்னிரண்டு வருஷம் உயிரோடிருந்தார். ஜப்தி நோட்டீஸ் வந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார். கூலி வாங்குவதில்லை. எந்த ஊருக்குப் போனாலும், யார் வற்புறுத்தினாலும், மனு கொடுத்து முடிகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்.