அறுநூறு கிலோமீட்டரும் ஒரு தண்ணீர்ப்பந்தலும்

இந்த மலையில் சைக்கிளில் ஏற்றம் ஏறினால் யாராவது லாரியை நிறுத்திவிடுகிறார்கள். காலையில் தானா ராத்தாவிலிருந்து திரிங்காப் பக்கம் மிதித்துக்கொண்டு போவேன். முட்டைக்கோஸ் ஏற்றப் போகும் லாரி பக்கத்தில் வந்து நிற்கும். "பின்னால தூக்கிப் போடும்மா, மேல கொண்டு விட்டுடுறேன்லா" என்பார் ஓட்டுநர். வேண்டாமண்ணே, ஆசைப்பட்டுத்தான் மிதிக்கிறேன் என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடும். வீட்டில் ஏதோ சண்டை என்று முடிவுகட்டிக்கொண்டு போய்விடுவார். கோபிச்செட்டிபாளையத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் வாய்க்கால் கரையோரமாகப் பள்ளிக்கூடம் போன காலத்தில் எனக்காக ஒரு மாட்டுவண்டிகூட நின்றதில்லை. ஊரில் இருப்பவர்களே, நம்பினால் நம்புங்கள், இங்கே எனக்கு வாய்த்த பெரிய தொல்லை மனிதர்களின் நல்ல மனசுதான்.

கல்யாணமாகி மலேசியாவின் கேமரன் மலைக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. தேயிலைத் தோட்டம் பார்க்க வருகிறவர்களுக்குத் தேநீர் விற்கும் கடையில் எனக்கு வேலை. ஒருநாள் பனிமூட்டத்துக்குள்ளிருந்து சில சைக்கிள்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் ஜப்பான்காரர், ஒருவர் ஜெர்மன்காரர், மற்றவர்கள் கோயம்புத்தூர்ப் பையன்கள்! கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன, முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. பிரெவே என்ற நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றி அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இருநூறு, முந்நூறு என்று தொடங்கி ஆயிரம் கிலோமீட்டரையும் தாண்டிப் போகுமாம். ஐரோப்பாவில் பிறந்த இந்த ஆட்டம் கொரியா, இந்தோனேசியா என்று பரவி, நம் கொங்குச் சாலைகள்வரை வந்துவிட்டது. இதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது; குறித்த நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் போதும். ஆனால் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. வழிநெடுக நம் அட்டையில் முத்திரை குத்தும் இடங்களுக்கு நடுவே சொந்தபந்தம் யாரும் உதவக் கூடாது. வழியில் எல்லோருக்கும் கிடைப்பது எதுவோ, அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

போன வருடம் அறுநூறு கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தேன். நாற்பது மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முடித்தால்தான் அடுத்து ஆயிரத்து இருநூறுக்குப் போக முடியும். ரிங்லெட் ஊரைத் தாண்டிக் கடைசி ஏற்றத்தில் கொட்டும் மழை. என் கணவரின் அண்ணன் மணியம் அத்தான் எஸ்டேட்டில் கங்காணி. அவர் வேனைக் குறுக்கே நிறுத்தி, எனக்குக் குடை பிடித்து, பிளாஸ்கிலிருந்து சுடச்சுடத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். குளிர் நடுக்கத்தில் வாங்கிக் குடித்துவிட்டேன். பின்னால் வந்த அமைப்பாளர், ஈப்போக்காரரான ஒரு சீனப் பெரியவர், அதைப் பார்த்துவிட்டார். பாவம், வருத்தப்பட்டுக்கொண்டேதான் என் பெயரை நீக்கினார். அத்தானுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரு கப் தே குடுத்ததுக்கா தள்ளிட்டானுங்க? நான் என்ன சாராயமா குடுத்தேன்?" என்று வாரக்கணக்கில் புலம்பினார்.

அவர் மனைவி லெட்சுமி அக்காவுக்கு வேறு சந்தேகம். "எந்த சாமிக்கு நேந்துகிட்ட, மறைக்காம சொல்லுலா" என்றார். வேண்டுதல் இல்லையக்கா, விளையாட்டு என்றேன். "விளையாட்டுக்கு யாராச்சும் இப்படி உடம்ப வருத்துவாங்களா?" விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்தது. எனக்கென்று கொடுத்தால் தப்பு, வருகிற எல்லோருக்கும் கொடுத்தால் தப்பில்லை என்று விதியைச் சொல்லி முடித்தபோது அக்கா கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

இந்த வருடம் மறுபடியும் கிளம்பினேன். யாரும் ரோட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று வீட்டில் கண்டித்துச் சொல்லியிருந்தேன். சமவெளி வெயிலெல்லாம் தாண்டி அடிவாரத்துத் தாப்பாவில் மலையைத் தொட்டபோது தெம்பு இருந்தது. ரிங்லெட்டில் நான் நம்பியிருந்த கடை பூட்டிக்கிடந்தது. அதற்குமேல் வயிறு காந்தியது, கை கால் கழன்று விழும்போல் இருந்தது. எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகள் இருக்கும் வளைவில் திரும்பினால், ரோட்டோரம் பந்தல்! காய்கறித் தோட்டத்து பிளாஸ்டிக் கூரை, வாழைமரம், ஒலிபெருக்கியில் முருகன் பாட்டு, நடுவில் அகப்பையும் கையுமாக லெட்சுமி அக்கா. எனக்கு அழுகை வந்தது. தொலைந்தது, இந்த வருடமும் போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டு நிற்காமல் மிதித்தேன். அத்தான் கூடவே ஓடிவந்தார். எதையும் கொடுத்துவிடாமல் இருக்க இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"உனக்கு இல்லம்மா! வர்றவங்க எல்லாருக்கும்! தைப்பூசத்துக்குப் போடுறோம்ல, அந்த மாதிரி!"

திரும்பிப் பார்த்தேன். ஜெர்மன்காரர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார். காசு கொடுக்கப் பர்ஸை எடுத்தவரின் கையில் அக்கா இன்னொரு கரண்டி சுண்டலை வைத்தார். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவனிடம், "ஒனக்கு எந்தக் கோயிலுப்பா?" என்று விசாரணை வேறு. அவன் "சும்மாதானுங்கக்கா ஓட்டறேன்" என்றதும், "நீயும் மறைக்கிறியா?" என்று மோரை நீட்டினார். ஓரத்தில் தட்டோடு அமைப்பாளர்! காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்ததைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். என்னைப் பார்த்துத் தலையாட்டி, "போலே, போலே" என்றார். ஆகலாம் என்பதற்கு மலாய் மொழியில் அதுதான் வார்த்தை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்; அக்கா தயிர்சோறு போட்டார். உலகத்திலேயே ருசியான தயிர்சோறு எது என்று இனி யாராவது கேட்டால் தயங்காமல் சொல்வேன்.

அதன்பிறகு மிதித்ததெல்லாம் அந்தச் சோற்றுத் தெம்பில்தான். மழை வந்தது, வரட்டும் என்று மிதித்தேன். நேரம் மீதம் வைத்துத் தானா ராத்தாவுக்குள் நுழைந்தேன். முடித்தேன்! ஒலிபெருக்கியில் என் பெயருக்குப் பின்னால், பாஸ்போர்ட்டில் உள்ளபடி, இந்தியா என்றார்கள். விசில் அடித்ததெல்லாம் எஸ்டேட் ஆட்கள். "என்ன இந்தியாங்குறான்? நம்ம லைன்னு சொல்லச் சொல்லு" என்று அத்தான் அங்கேயும் சண்டைக்குக் கிளம்பினார்.

கோபியிலிருந்து அம்மா வீடியோவில் வந்தார். ஜெயித்தாயா, எத்தனையாவது என்றெல்லாம் கேட்கவில்லை. "சாப்புட்டயா கண்ணு? அங்க ஆரு உனக்குச் சோறு போட்டாங்க?" என்றுதான் கேட்டார். கைபேசியை லெட்சுமி அக்கா பக்கம் திருப்பினேன். "எம்புள்ளைக்குச் சோறு போட்டீங்களே தாயி" என்று அம்மா அழுதார். "என்னம்மா இது, எங்க புள்ளைக்கு நாங்க போட மாட்டமா?" என்று அக்கா பதிலுக்குக் கத்தினார். எம்புள்ள, எங்க புள்ள என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்க, நடுவில் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். கை விண்விண்ணென்று வலித்தது. இறக்க மனம் வரவில்லை.