மாமாவின் பின்வரிசை

என் மாமா பயிற்சியாளராக இருந்த ஒன்பது ஆட்டங்களில் எங்கள் உதைபந்து அணி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. வெல்லவும் இல்லை. ஒன்பதும் பூச்சியத்துக்குப் பூச்சியம். சுவிஸில் வின்டர்தூர் நகரத் தமிழர் மத்தியில் இது ஒரு பகிடியாகவே ஆகிவிட்டிருந்தது. தேத்தண்ணிப் போத்தலோடு மைதான ஓரத்தில் நிற்கும் அப்பாமாரிடம் யாராவது பிந்தி வந்து "என்ன ஸ்கோர்?" என்று கேட்டால், "ஆட்டம் இன்னும் தொடங்கேல்லை, ஆனா சைபருக்குச் சைபர்" என்பார்கள். அது மாமாவின் காதிலும் விழும். அவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் முகம் எரியும்.

மாமா என் அம்மாவின் அண்ணன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் விடியற்காலை வேலை. மதியம் இரண்டு மணிக்கு முடியும். புதன்கிழமை பின்னேரங்களில் பள்ளிக்கூடம் இல்லை என்பதால் அன்றுதான் எங்களுக்குப் பயிற்சி. கையில் வெங்காய மணம் போகாமலே கழுத்தில் விசிலோடு வந்து நிற்பார். நாங்கள் பதினொன்று, பன்னிரண்டு வயதுத் தமிழ்ப் பெண் பிள்ளைகள். சின்ன மைதானம், பக்கத்துக்கு ஏழு பேர். இடம் ஒரு சுவிஸ் கழகத்துடையது. அவர்கள் பெரிய மனது பண்ணி எங்களுக்கு ஒரு மூலையைத் தந்திருந்தார்கள்.

மாமாவின் திட்டம் எளிமையானது. ஒருத்தி கோலைக் காப்பாள். அவளை எல்லோரும் 'கோலி' என்போம். அவளுக்கு முன்னால் ஐந்து பேர். மிச்சம் இருக்கும் ஒருத்தி முன்னால் தனியே நின்று புல்லுப் பிடுங்குவாள். "பந்து வந்தா வெளிய அடியுங்கோ. ரோட்டுக்குப் போனாலும் பரவாயில்லை" என்பதுதான் அவருடைய முழுப் பாடமும்.

நான் அந்த ஐந்து பேரில் ஒருத்தி. பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில் முதலாவதாக வந்தவள். முன்னுக்கு விடச் சொல்லி எத்தனையோ தரம் கேட்டேன். "கெதியா ஓடுறவள்தான் கெதியாத் திரும்பி வருவாள். நீ பின்னால நில், குஞ்சு" என்பார். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் அவர் என்னைக் குஞ்சு என்று கூப்பிடுவதே எனக்குப் பிடிக்காது.

கோலி புதிதாக வந்தவள். போர் முடிந்த அடுத்த வருடம் வன்னியிலிருந்து தாயும் அவளும் மட்டும் எங்கள் தெருவில் இருந்த அவளுடைய சித்தி வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவளுக்கு ஜெர்மன் தெரியாது; தமிழிலும் கேட்டதற்குத்தான் பதில். முதல் நாள் மாமா எல்லோரையும் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னபோது அவள் ஓடவில்லை. நேரே போய்க் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகுக்குப் பின்னால் வலை இருந்தால்தான் நிற்பாள் போலிருந்தது. மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, நீதான் எங்கட கோலி" என்றார். விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் தாழப் பறந்தால் அவள் அப்படியே குந்திவிடுவாள். நாங்கள் அவளைச் சோம்பேறி என்றோம். அவள் குந்தினாலும் நட்டமில்லை. அந்த ஒன்பது ஆட்டத்திலும் பந்து அவள் வரைக்கும் போனது மூன்றோ நாலோ தடவைதான்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு அண்ணா வந்தார். இங்கே பிறந்தவர், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே சுவிஸ் அணி ஒன்றில் விளையாடியவர். மாமாவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அப்பாமார்தான் கூட்டிவந்தார்கள். அவரிடம் ஒரு காந்தப் பலகையும் சிவப்பு, நீலப் பொத்தான்களும் இருந்தன. "பந்து எங்களட்ட இருந்தா அவையள் எப்பிடிக் கோல் அடிக்கிறது? பின்னால நிண்டு பாத்துக்கொண்டிருக்காம முன்னுக்குப் போய்ப் பறிக்க வேணும்" என்று சொல்லி, சிவப்புப் பொத்தான் ஒன்றை எதிரணிக் கோலுக்குப் பக்கத்தில் வைத்து என்னைப் பார்த்தார். "இது நீர்."

அன்றோடு நான் மாமாவின் கட்சியை விட்டேன்.

அப்பாமாரும் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "அண்ணை, இந்தப் பிள்ளையள் பந்து விளையாட வந்ததுகளோ, காவலரணில சென்றி நிக்க வந்ததுகளோ?" என்று கேட்டார். பெரிய சிரிப்பு எழுந்தது. மாமா மட்டும் அந்தத் தடவை சிரிக்கவில்லை. "சென்றி எண்டு சொல்லாதேங்கோ" என்றார். அவ்வளவுதான்.

பிறகு சுவிஸ் கழகம் ஒரு விதி கொண்டுவந்தது. வசந்த காலத்திலிருந்து ஒவ்வொரு அணிக்கும், இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் சான்றிதழ் எடுத்த ஒருவர்தான் பொறுப்பாக இருக்கவேண்டும். அண்ணாவிடம் அது ஏற்கெனவே இருந்தது. மாமா விட்டுக்கொடுப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மாமாவோ, "நானும் படிக்கிறன்" என்றார். விண்ணப்பத்தை நிரப்பியது நான். வகுப்பு கூர் என்ற நகரத்தில். மாமா ஒரு புதுக் கொப்பியும் வாங்கி வைத்தார்.

எங்கள் வீட்டில் கண்ணாடிச் சாளரம் வைத்த கடித உறைகள் எல்லாம் என் கைக்குத்தான் வரும். எட்டு வயதிலிருந்தே அப்படி. அப்பாவின் வரி, அம்மாவின் வேலை ஒப்பந்தம், மாமாவின் வதிவிட அனுமதி எல்லாவற்றையும் சோபாவில் இருந்து நான் வாசிப்பேன். "என்னவாம்?" என்று அம்மா கேட்பா. நான் சொல்வதுதான் கடிதம்.

கூரிலிருந்து கடிதம் வந்த அன்று மாமா வேலை உடுப்போடு எங்கள் வீட்டில் காத்திருந்தார். பிரித்து வாசித்தேன். அவருக்கு இடம் கிடைத்திருந்தது. அடியில் உள்ள துண்டை வெட்டி, கையெழுத்திட்டு, குறித்த நாளுக்குள் அனுப்பவேண்டும். மொழி கடினமாக இருப்பவர்கள் உதவிக்கு ஒருவரைக் கூட்டி வரலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த ஒருவர் யாராக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு சனியும் ஞாயிறும், பெரியவர்கள் நடுவில், அவருடைய பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு இன்னொரு வருடம் பின்வரிசையில் நிற்கவேண்டும்.

"இடமில்லையாம், மாமா. அடுத்த வருசம் பாக்கட்டாம்" என்றேன்.

"வடிவா வாசிச்சனியோ?"

"ஓம்."

அவர் கிட்ட வந்து கடிதத்தை எட்டிப் பார்த்தார். வீடு தேடிய காலத்தில் அவருக்கு வந்த கடிதங்களெல்லாம் மறுப்புக் கடிதங்கள். 'துரதிர்ஷ்டவசமாக' என்று பொருள்படும் அந்த ஜெர்மன் சொல்லை மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். "மாட்டம் எண்டு எழுதினா 'லைடர்' எண்டு ஒண்டு போடுவாங்களே, அது எங்க?" என்று கேட்டார்.

நான் ஏதோ ஒரு வரியில் விரலை வைத்தேன். அவர் என் விரலைப் பார்த்தார். "ஓ" என்றார். பிறகு அம்மாவிடம் தேத்தண்ணி கேட்டார்.

மறுநாள் பழைய கடதாசி சேகரிக்கும் நாள். அப்பா பத்திரிகைகளை அடுக்கி நூலால் கட்டிக்கொண்டிருந்தபோது கட்டின் நடுவில் அந்தக் கடிதத்தைச் செருகினேன். அப்பா எப்போதும் நன்றாக இறுக்கித்தான் கட்டுவார்.

வசந்தத்தில் மாமா விசிலைக் கழற்றி அண்ணாவிடம் கொடுத்தார். யாருக்கு மூச்சு இழுப்பு வரும், யாரை ஆறு மணி பஸ்ஸுக்கு விடவேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு, கடைசியாகக் கோலியைக் காட்டி, "இவவுக்கு முன்னால எப்பவும் ஆக்கள் நிக்கட்டும், தம்பி" என்றார். "ஓம் அண்ணை, அதெல்லாம் பாப்பம்" என்றார் அண்ணா. பாவம், அவரும் அதை ஆட்டத் திட்டம் என்றுதான் எடுத்துக்கொண்டார்.

கோடைச் சுற்றுப்போட்டிக்குப் பேர்ண் நகரிலிருந்து ஒரு பெண்கள் அணி வந்திருந்தது. நான் முன்வரிசையில் நின்றேன். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகவில்லை, பந்து என் காலுக்கு வந்தது, அடித்தேன், வலைக்குள் போயிற்று. எங்கள் அணியின் முதல் கோல். கைகளை விரித்துக்கொண்டு மைதானம் முழுவதும் ஓடினேன். அப்பாமார் "இப்பத்தானடா ஆட்டம்!" என்று குதித்தார்கள். ஓரத்தில் நின்ற மாமாவும் கைதட்டினார்.

பிறகு அவர்கள் வரத் தொடங்கினார்கள். நாங்கள் எல்லோரும் முன்னால் நின்றோம். எங்களுக்குப் பின்னால் வெறும் புல். முதல் கோல், இரண்டாவது கோல். மூன்றாவது பந்து கோலியின் நெஞ்சில் பட்டுத் தெறித்தது. அவள் அழவில்லை. கம்பத்தில் முதுகைச் சாய்த்து அப்படியே குந்தி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பந்து மறுபடியும் பேர்ண் பிள்ளைகளின் காலில். மூன்று பேர் அவளை நோக்கி நேராக ஓடிவந்தார்கள்.

அப்போதுதான் மாமா கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினார். ஆட்டம் நடந்துகொண்டிருக்க, நல்ல சப்பாத்தும் மடிப்புக் கலையாத காற்சட்டையுமாக, அவளுக்கு முன்னால் போய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். மைதானமே சிரித்தது. "அண்ணை சேஞ்சாகி இறங்கிட்டார்!" என்று யாரோ கத்தினார்கள்.

சுவிஸ்காரரான நடுவர் விசிலடித்துக்கொண்டு வந்தார். மாமாவிடம் கோபமாக ஏதோ கேட்டார். அதற்குள் நானும் அங்கே ஓடி வந்துவிட்டேன். மாமா என்னைப் பார்த்தார்.

"என்ன கேக்கிறான், குஞ்சு?"

நீங்கள் இந்த அணியின் பயிற்சியாளரா என்று நடுவர் கேட்டிருந்தார். நான் மாமாவிடம், "வெளிய போகட்டாம்" என்றேன். நடுவர் பக்கம் திரும்பி ஜெர்மனில், "இவர் எங்கள் பயிற்சியாளர் இல்லை" என்றேன். அந்த வருடம் முழுவதும் மாமாவைப் பற்றி நான் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

மாமா குனிந்து கோலியிடம் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தார். சிரிப்பு இன்னும் ஓயவில்லை. கொஞ்ச நேரத்தில் தாய் வந்து கோலியைக் கூட்டிக்கொண்டு போனா. வேறொருத்தியைக் கோலில் விட்டு விளையாடினோம். ஏழுக்கு இரண்டு என்று தோற்றோம். இரண்டும் நான் அடித்தவை. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குச் சாப்பிட ரோல்ஸ் வாங்கித் தந்தார்கள். கோலி அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமையும் வரவில்லை. சோம்பேறி போய்த் தொலைந்தாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். மாமாவும் மைதானப் பக்கம் வருவதை விட்டுவிட்டார்.

இப்போது எனக்கு நாலு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். எதையும் மூன்று தரம் யோசித்துத்தான் செய்கிறேன். செய்தபின் நாலாம் தரமும் யோசிக்கிறேன். போன வருடம் பூங்காவில் ஒரு பெரிய நாய் கயிறறுத்துக்கொண்டு அவளை நோக்கி ஓடிவந்தது. அன்று மட்டும் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. அவளுக்கு முன்னால் பாய்ந்து கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். நாய் வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது. நாயின் சொந்தக்காரி சிரித்தபடி மன்னிப்புக் கேட்டா. என் கைகள் வெகுநேரம் கீழே இறங்கவில்லை. அப்படி நின்ற இன்னொருவரை எங்கே பார்த்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார். மகளோடு பந்து உருட்டுவார். இரண்டு தரம் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டு, வேறு கதைக்கு மாறியிருக்கிறேன். சொன்னால் என் பாரம் இறங்கும். அது எங்கே போய் ஏறும் என்றும் யோசிக்கவேண்டியிருக்கிறது. அப்படி யோசிப்பதே சொல்லாமல் இருக்க என் பயம் கண்டுபிடித்த சாட்டோ, அதுவும் தெரியவில்லை.

ஒன்பது ஆட்டம் அந்தப் பின்வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் கோலி மூச்சு விடுவதுகூடக் கேட்கும். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. நாங்கள் ஐந்து பேரும் கோலைத்தான் காத்துக்கொண்டு நிற்கிறோம் என்று நினைத்திருந்தேன்.